நல்லாப் பாரு

காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி தராசு, "இப்ப?" என்று கேட்டார்.

மேலேயிருந்து பதில் வரவில்லை. எப்படி வரும்? பதில் சொல்ல வேண்டிய மனைவி நாலு மணி நேரப் பயணத் தூரத்தில் மகள் வீட்டில் இருந்தாள். பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார். கேட்ட பிறகு காது வரைக்கும் வெட்கம் ஏறியது. ஷெட் வாசலில் பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் உட்கார்ந்திருந்தது. அது போய் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்பது ஓர் ஆறுதல்.

தராசு என்பது அவர் பெயரல்ல. முப்பத்து நாலு வருஷம் எடை அளவு இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அவர் மார்க்கெட்டின் ஒரு முனையில் காலெடுத்து வைத்தால் மறுமுனையில் "தராசு வருது" என்று தகவல் போய்ச் சேர்ந்துவிடும். எடைக்கல்லில் ரெண்டு கிராம் குறைந்தாலும் விடமாட்டார். வீட்டிலும் அதே கதைதான். சுவர்க் கடிகாரம் அரை நிமிஷம் பிந்தினால் அவருக்குச் சோறு இறங்காது. மனைவிகூட அவர் முதுகுக்குப் பின்னால் "தராசு எழுந்துடுச்சா?" என்றுதான் மகளிடம் கேட்பாள். அது அவருக்கும் தெரியும். தெரிந்தது போலக் காட்டிக்கொண்டதில்லை.

அவள் மகளின் பிரசவத்துக்கென்று போனாள். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது பதினான்கு மாதம். இடையில் சண்டை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால்கூடச் சமாதானம் ஆகியிருக்கலாம். குழந்தைக்குப் பல் முளைக்கட்டும் என்றார்கள், நடக்கட்டும் என்றார்கள், மகள் வேலைக்குத் திரும்பட்டும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் தராசு ஒரே பதிலைத்தான் சொன்னார்: "எனக்கென்ன, நான் நல்லா இருக்கேன். உன் இஷ்டம்."

நல்லா இருந்தார் என்று சொல்ல முடியாது. வீட்டில் இருந்த காப்பிப் பாத்திரம் ரெண்டு பேருக்கு உண்டானது. ஒரு ஆளுக்குப் போட்டால் தண்ணீராகப் போகும். அதனால் தினமும் ரெண்டு பேருக்குப் போட்டு, தன் பங்கைச் சூடாகக் குடித்துவிட்டு, அவள் பங்கைப் பதினோரு மணிக்கு ஆறிப்போனதாகக் குடித்தார். கொடியில் அவர் சட்டைகள் மட்டும் தொங்கின. கட்டிலில் பாதிக்கு மேல் உருளவே மாட்டார். வாசலில் அவளுடைய வீட்டுச் செருப்பு, போன அன்றைக்குக் கழற்றிவிட்ட அதே கோணத்தில் கிடந்தது. பெருக்கும்போது அதைத் தூக்கிவிட்டுப் பெருக்கி, பழைய கோணத்திலேயே வைப்பார். ஞாயிறு காலையில் அவள் போன் செய்வாள். மாத்திரை சாப்பிட்டீங்களா, மழை உண்டா, குழாயில் தண்ணீர் வருதா. நாலு நிமிஷம். ஒருநாளும் ஐந்தைத் தொட்டதில்லை.

இந்தத் திங்கட்கிழமை மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, நாங்க பெரிய வீடா பார்த்திருக்கோம். சனிக்கிழமை கையெழுத்துப் போடணும். அம்மாவுக்குன்னு ஒரு ரூம் சேர்த்து எடுக்கறதா வேண்டாமான்னு தெரியணும். எடுத்தா அம்மா இங்கேயேதான். நீங்க என்னப்பா சொல்றீங்க?"

"அம்மா என்ன சொல்றா?"

"அப்பாவைக் கேளுங்கறாங்க."

"அவ இஷ்டம்," என்றார் தராசு.

போனை வைத்த பிறகு கூடத்தில் நடந்தார். சமையலறைக்குப் போனார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினார். வந்துவிடு என்று சொல்ல வேண்டியதுதானே? ஒரே வார்த்தை. அதைச் சொல்லத்தான் அவருக்கு வரவில்லை. பிறகு அவருக்கே உரிய கோணல் புத்தியில் ஒரு யோசனை உதித்தது. காரைச் சரிசெய்துகொண்டு சனிக்கிழமை காலையில் மகள் வீட்டு வாசலில் போய் நிற்பது. வாய் திறக்க வேண்டியதில்லை. காரைப் பார்த்தால் அவளே புரிந்துகொண்டு பெட்டியை எடுத்து வந்துவிடுவாள்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆமை முதுகு மாதிரி கூரை உள்ள பழைய கார். எஞ்சின் பின்பக்கம். ரேடியேட்டர் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. காற்றுதான் அதைக் குளிர வைக்கும். பெரிய காற்றாடி ஒன்று தகரக் கூட்டுக்குள் சுழலும். கூட்டின் அடியில் ரெண்டு பக்கமும் சின்னத் தகரக் கதவுகள். அவற்றுக்கு ஃபிளாப் என்று பெயர். எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ஃபிளாப் மூடியிருக்க வேண்டும், சூடானால் திறக்க வேண்டும். மூடுவதும் திறப்பதும் எஞ்சினுக்கு அடியில் இருக்கிற தெர்மோஸ்டாட்டின் வேலை. கட்டைவிரல் நீளத்தில், மடிப்பு மடிப்பாக, பித்தளையில் செய்த துருத்தி அது. குளிரில் சுருங்கி ஒரு கம்பியைக் கீழே இழுக்கும், சூட்டில் நீண்டு கம்பியை மேலே தள்ளும்.

அவளைப் பஸ் ஏற்றிவிடப் போன அன்றைக்கு, கார் மூன்று சிக்னலிலும் இருமி இருமி நின்றது. பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்தான். "இது சூடாகறதுக்குள்ள நான் பஸ்ஸுல ஊரே போய்ச் சேர்ந்துடுவேன்," என்றாள் அவள். அது தமாஷுக்குச் சொன்னதுதான். ஆனால் வண்டியில் அவள் கடைசியாகப் பேசியது அது என்பதால் தராசு அதை மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தெருமுனை மெக்கானிக்கைக் கேட்டார். மெக்கானிக் வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே பேசுகிறவன்.

"அந்த ஃபிளாப்பைக் கழட்டி வீசிடுங்க சார். அதெல்லாம் பனி கொட்டற ஊருக்கு. நான் கையில எடுத்த வண்டி எல்லாத்துலயும் வீசிட்டேன்."

"செஞ்சவன் முட்டாளா?"

"அவன் கெட்டிக்காரன்தான் சார். நமக்கு எதுக்கு இந்தத் தலைவலின்னேன்."

தராசுக்கு, ஒரு பொருளில் இருக்க வேண்டியது இல்லாமல் இருப்பது பிடிக்காது. வீட்டுக்கு வந்து காரின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, துருத்தியைக் கழற்றிச் சமையலறைக்கு எடுத்துப் போனார். கொதிக்கிற நீரில் போட்டு அளந்தார். ஐஸ் நீரில் போட்டு அளந்தார். ரெண்டிலும் ஒரே நீளம். மூன்றாவது தடவையும் அளந்தார். அதே நீளம்.

துருத்தி செத்துப்போயிருந்தது. எங்கோ மயிரிழை விரிசல். உள்ளே இருந்தது எப்போதோ கசிந்து போய்விட்டது. இந்தத் துருத்தி செத்தால் சுருங்கிக் கிடக்காது, முழுசாக நீண்டு நிற்கும். ஃபிளாப்பும் சதா திறந்தே இருக்கும். துருத்தி போனாலும் எஞ்சின் எரிந்துவிடக் கூடாதென்று செய்தவன் பார்த்துச் செய்த ஏற்பாடு. எரியாது, அவ்வளவுதான். சூடேற முடியாமல் இருமிக்கொண்டே ஓடும். கையில் எடுத்துப் பார்த்தால் நன்றாக வேலை செய்கிற துருத்தி சூட்டில் எப்படி இருக்குமோ அப்படியேதான் இருந்தது.

எப்போது செத்திருக்கும்? அதுதான் தராசுக்கு விளங்கவில்லை. அவள் போகிற வரைக்கும் வருஷம் தவறாமல் சோதித்திருக்கிறாரே. இருபத்திரண்டு வருஷமாக, மழைக்காலம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இவர் கீழே படுத்துக்கொண்டு "மூடியிருக்கா?" என்பார். "மூடியிருக்கு," என்பாள் மேலே நிற்பவள். பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து, சூடு ஆறுவதற்குள் மறுபடி கீழே போவார். துருத்தியைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்த்துவார். "இப்ப?" "இன்னும் இல்ல." "இப்ப?" "கொஞ்சம்." "இப்ப?" "ஆங், முழுசா திறந்துடுச்சு." நட்டை இறுக்குவார். ரெண்டு பேர் செய்ய வேண்டிய வேலை அது. ஒருவர் கீழே, ஒருவர் மேலே. அந்த நாளில் மட்டும் அவர்கள் ரெண்டு பேரும் ஒரே வேலையைச் செய்தார்கள் என்றும் சொல்லலாம்.

பழைய கார்ச் சாமான் விற்கிற கடையில் தூசி படிந்த புதுத் துருத்தி ஒன்று கிடைத்தது. புதன்கிழமை காலையில் மாட்டினார். பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்தார். கீழே படுத்தார். நட்டைத் தளர்த்தினார். "இப்ப?" என்று பூனையைக் கேட்டார்.

சரி, நாமே போய்ப் பார்ப்போம் என்று நட்டைக் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்திவிட்டு, முழங்கையில் ஊன்றி வெளியே வந்தார். அவள் நிற்கும் இடத்தில், பின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். குனிந்தார். தெரிந்ததெல்லாம் கறுப்புத் தகரம். காற்றாடிக் கூட்டின் முதுகு, கார்புரேட்டர், பெல்ட். ஃபிளாப்பைக் காணோம். இடது பக்கம் போனார், வலது பக்கம் போனார். டார்ச் அடித்தார். முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து வந்து இடுக்கில் நீட்டினார். கண்ணாடியில் அவருடைய மூக்கு தெரிந்தது. ஃபிளாப் ரெண்டும் கூட்டுக்குள்ளே அடியில் இருந்தன. மேலே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அவை தெரியவே தெரியாது. அப்படித் தெரிவதற்கு வழியே இல்லை.

தராசு மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

இருபத்திரண்டு வருஷம். வருஷத்துக்கு ஒருநாள் இந்த இடத்தில் நின்று, தெரியாத ஒன்றை மூடியிருக்கு என்றும் திறந்திருக்கு என்றும் சொல்லியிருக்கிறாள். அதை நம்பி அவர் நட்டு இறுக்கியிருக்கிறார். ரெண்டு கிராமுக்குக் கடைக்காரனை நடுத்தெருவில் நிறுத்தியவர். கோபம் தலைக்கேறியது. கைகூடக் கழுவவில்லை. கிரீஸ் விரலோடு போனை எடுத்தார்.

புதன்கிழமை அவர் கூப்பிட்டதே இல்லை. எடுத்ததும் அவள் குரல் பதறியது.

"என்னங்க? என்ன ஆச்சு? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீ ஃபிளாப் திறந்துடுச்சு, திறந்துடுச்சுன்னு சொல்வியே. எங்க பாத்துச் சொன்ன?"

"எது?"

"கார். நான் கீழ படுத்துக்கிட்டு இப்பவான்னு கேப்பேன்ல. மேல நின்னா தகரம்தான் தெரியுது. நீ எதைப் பாத்த?"

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"தெரியலன்னுதான் முதல் வருஷம் சொன்னேன்," என்றாள். "ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"எனக்கு ஒண்ணும் தெரியலைங்கன்னேன். 'நல்லாப் பாரு'ன்னீங்க. மறுபடியும் தெரியலைன்னேன். 'கண்ணைத் திறந்து நல்லாப் பாரு'ன்னீங்க. நம்ம பொண்ணு, அப்ப சின்னது, பக்கத்துல நின்னுட்டு இருந்தா, சிரிச்சா. அதுக்கப்புறம் எனக்குத் தெரிய ஆரம்பிச்சுடுச்சு."

"அப்ப எதை வெச்சுச் சொன்ன?"

"உங்க குரலை வெச்சுத்தான். மொதல்ல கேக்கறப்போ தெம்பா கேப்பீங்க. அப்ப இன்னும் இல்லைம்பேன். மூணாவது தடவை குரல் களைச்சுப் போயிருக்கும். பாவமா இருக்கும். திறந்துடுச்சுன்னு சொல்லிடுவேன். வெளிய வந்து கையைத் துடைச்சுக்கிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பீங்க. வருஷத்துல அன்னிக்குத்தான் அப்படிச் சிரிப்பீங்க."

கோபம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. அவள் நின்ற இடத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் போதும். பத்து அடி. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பத்து அடியை அவர் நடக்கவில்லை. ஊரில் உள்ள தராசையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தவர். அவருக்கு அழுகை வரும் போலிருந்தது.

"துருத்தி செத்துப்போச்சு," என்றார். "எப்பவோ செத்திருக்கு. பாத்தா நல்லா இருக்கற மாதிரியேதான் இருந்துச்சு."

"ம்."

"சனிக்கிழமை அவங்க கையெழுத்துப் போடறாங்களாமே."

"ஆமா. நீங்க என் இஷ்டம்னு சொன்னீங்களாம்."

"நீ அங்க சந்தோஷமாத்தானே இருக்க."

"யாரு சொன்னா?"

"நீதான். வாராவாரம் நல்லா இருக்கேங்கற."

"நீங்களும் அதைத்தான் சொல்றீங்க," என்றாள். "நானும் சரின்னு நம்பிட்டேன். நான் இல்லாமயே அங்க எல்லாம் சரியா நடக்குதுபோல இருக்குன்னு."

தராசு ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் கட்டையில் காலை காப்பியின் ரெண்டாவது டம்ளர் ஆறிப்போய் ஏடு படிந்து இருந்தது.

"போனை வெச்சுடாத," என்றார். "இரு."

போனை ஸ்பீக்கரில் போட்டு, காற்றாடிக் கூட்டின் பக்கத்தில், அவள் கைவைத்து நிற்கும் இடத்தில் சாய்த்து வைத்தார். மறுபடி கீழே போய்ப் படுத்தார். அங்கே அவசரமாகச் செய்ய வேலை ஒன்றும் இல்லை. எஞ்சின் பாதி ஆறிவிட்டது. இன்றைக்கு இனி எதையும் சரிபார்க்க முடியாது. ஆனால் நின்றுகொண்டு சொல்ல வராத சில விஷயம் அவருக்குப் படுத்துக்கொண்டால் வரும் போலிருந்தது. இத்தனை வருஷமாக அவர் அவளிடம் கேள்வி கேட்டதெல்லாம் இங்கிருந்துதான்.

"இப்ப?" என்று கேட்டார்.

மேலே தகரத்தில் அவள் குரல் கரகரத்தது. "எனக்கு எப்படிங்க தெரியும்?" சிரிக்கிறாள் என்று தோன்றியது.

"எனக்கு இங்க நல்லா இல்ல," என்றார் தராசு. "ஒண்ணும் நல்லா இல்ல. ரெண்டு பேர் காப்பியைத் தனியா குடிக்கறேன். வந்துடறியா?"

மேலே குழந்தை தட்டுவது நின்றுவிட்டது. ஆறுகிற இரும்பு டிக் டிக்கென்று சொடுக்கிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஆனது போலிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"தெரியலைங்க," என்றாள் அவள்.

நல்லாப் பாரு என்று நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினார். பதினான்கு மாதமும் சேர்ந்து ஒரே நேரத்தில் வலித்த மாதிரி இருந்தது.

"தெரியலைன்னா தெரியலைதான்," என்றார். "சனிக்கிழமை நான் அங்க வர்றேன். உன்னைக் கூட்டிட்டுப் போக இல்ல. வந்து, நீ இருக்கற இடத்துல இருந்து பாக்கறேன்."

"கார்லயா?"

"கார்லதான்."

"கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டுக் கிளம்புங்க. சிக்னல்ல நின்னுடும்."

"சரி."

போனை யாரும் வைக்கவில்லை. நாலு நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது. பூனை எழுந்து சோம்பல் முறித்துவிட்டு வெயிலுக்குப் போய்விட்டது. தராசு இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார். தலைக்கு மேலே புதுத் துருத்தி, யாரும் தொடாமல், தன்பாட்டுக்குச் சுருங்கிக்கொண்டிருந்தது.

கூட்டுக்குள் 'டக்'கென்று ஒரு சின்னச் சத்தம்.

"அது என்னங்க?" என்றாள்.

"ஃபிளாப்பு. மூடிடுச்சு." அவர் தலையைத் தூக்கப் போய் நெற்றியில் இடித்துக்கொண்டார். "உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நிஜமாவா?"

அவர் காத்திருந்தார்.

"நிஜமாத்தாங்க," என்றாள். "இந்தத் தடவை நிஜமாவே கேட்டுச்சு."